தோல்தானே என்று சொல்லாதீர்கள்

வழக்கமாக இந்தப் பக்கத்தில் நான் பழைய கதைகள்தான் எழுதுவேன். மாயவரம் ஜங்ஷன், கூறைநாட்டுத் தறிகள், கடைமுகத் தீர்த்தவாரிக் கூட்டம் என்று ஏதாவது இருக்கும். இன்று கதை இல்லை, கோபம்தான் இருக்கிறது. "எழுபது வயதில் பிரஷர் மாத்திரை போட்டுக்கொண்டு யாரைத் திட்டி எழுதப் போகிறீர்கள்?" என்று என் மனைவி கேட்டாள். ஒரு வார்த்தையைத் திட்டப் போகிறேன் என்றேன். "தோல்தானே" என்பதுதான் அந்த வார்த்தை. "மேலுக்குத்தானே வந்திருக்கு, உள்ளுக்கு ஒண்ணும் இல்லையே" என்று நம் பக்கத்தில் அதை இன்னும் நீட்டிச் சொல்வார்கள்.

சாதாரண ஆளுக்கு இந்த வார்த்தையைச் சொன்னால் பெரிய நஷ்டம் இல்லை. மாற்றுச் சிறுநீரகம் வைத்துக்கொண்டு நடமாடுகிறவரிடம் சொன்னால் அது ஆபத்தில் முடியலாம். அவர்கள் தோலில் வரும் கொப்புளமும் மருவும் வெறும் தோல் சமாச்சாரம் இல்லை. இதை வீட்டுக்காரர்களும் தெருவிலிருப்பவர்களும் மருந்துக் கடைக்காரர்களும், சொல்லப்போனால் சில மருத்துவமனைகளும் கூடக் கண்டுகொள்வதில்லை. அதைத்தான் இன்று எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. அரசு மருத்துவமனைகளில் 34 வருடம் மருந்தாளுநராக, மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு உள்பக்கம் நின்றவன். ஆகவே இதைப் படித்துவிட்டு யாரும் தானாக எந்த மருந்தையும் ஆரம்பிக்கவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். எப்போது ஓட வேண்டும் என்பதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

நம் உடம்புக்கு ஒரு குணம் உண்டு. தனக்குச் சொந்தமில்லாத எதையும் அது உள்ளே குடியிருக்க விடாது. பெற்ற தாயின் சிறுநீரகமாக இருந்தாலும் அதற்கு அந்நியம்தான். 1954 டிசம்பர் 23-ம் தேதி அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் டாக்டர் ஜோசப் மர்ரே முதன்முதலாக ஒரு மாற்றுச் சிறுநீரகத்தை வெற்றிகரமாக வைத்தார். கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே அச்சில் வார்த்த இரட்டைச் சகோதரர்கள். அதனால்தான் உடம்பு வித்தியாசம் பார்க்காமல் ஏற்றுக்கொண்டது. மற்றவர்களுக்கெல்லாம் உடம்பின் எதிர்ப்பு சக்தியை மருந்தால் அடக்கியாக வேண்டும். காவல்காரனின் கையைக் கட்டிவிட்டு விருந்தாளியைக் குடிவைப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். விருந்தாளி பத்திரமாக இருப்பார். ஆனால் கை கட்டப்பட்ட காவல்காரனால் திருடனையும் பிடிக்க முடியாது.

இந்தியாவில் 1971-ல் வேலூர் சி.எம்.சி.யில் சிறுநீரக மாற்று வெற்றிகரமாக நடந்தது. இன்று நம் மாநிலத்தில் அரசு மருத்துவமனைகளிலேயே செய்கிறார்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலும் இந்தச் சிகிச்சை உண்டு. ஒரு காலத்தில் சென்னையிலோ வேலூரிலோ யாரோ ஒருவருக்கு நடந்தது என்று பேப்பரில் படிப்போம். இப்போது தெருவுக்கு ஒருவர் என்று சொல்ல முடியாவிட்டாலும் ஊருக்கு ஒருவராவது இருக்கிறார். டாக்ரோலிமஸ், மைக்கோபினோலேட், பிரெட்னிசோலோன் என்று காலையும் மாலையும் மணி பார்த்து விழுங்குகிறார். வேலைக்குப் போகிறார், கல்யாணத்துக்கு வருகிறார், பந்தியில் நம் பக்கத்தில் உட்காருகிறார். அப்படி ஒருவர் நம் நடுவே வாழ்கிறார் என்றால் அவரைப் பற்றிய ஒன்றிரண்டு விஷயங்கள் நமக்கும் தெரிந்திருக்க வேண்டாமா?

முதலில் அக்கி.

உதட்டோரம் வரும் கொப்புளத்தையும் சிலர் அக்கி என்பார்கள். நான் சொல்வது உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாக, நெருப்பில் சுட்டது போல வருகிற அக்கி. சின்ன வயதில் நமக்கு வந்த சின்னம்மை வைரஸ்தான் இதற்கும் காரணம். அம்மை இறங்கிவிட்டது, தலைக்குத் தண்ணீர் ஊற்றியாகிவிட்டது என்று நாம் நிம்மதியாக இருப்போம். அந்த வைரஸ் உடம்பை விட்டுப் போயிருக்காது. முதுகுத் தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் ஐம்பது அறுபது வருடம்கூட உறங்கும். எதிர்ப்பு சக்தி குறைந்தால் விழித்துக்கொண்டு அந்த நரம்பு போகும் வழியிலேயே தோலுக்கு வரும். அதனால்தான் அது ஒரு பக்கமாக, ஒரு பட்டையாக வருகிறது. வயதானவர்களுக்கு இது அதிகம் என்று உங்களுக்கே தெரியும். மாற்றுச் சிறுநீரகக்காரர்களுக்கு நாற்பது வயதிலும் வரும், முப்பதிலும் வரும், மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக வரும்.

என் மனைவியின் தம்பிக்கு வந்தது. அவனுக்கு அப்போது 46 வயது, ஒரு அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறான். அதற்கு நான்கு வருடம் முன்பு என் மாமியார் தன் சிறுநீரகம் ஒன்றை அவனுக்குக் கொடுத்திருந்தார். ஒரு நாள் வலது நெற்றியில் எரிச்சல், மறுநாள் கொப்புளம். ஆலையில் இருந்தவர்கள் பார்த்த உடனே, "இது அக்கி, எழுதினால் போய்விடும்" என்றார்கள். பக்கத்துக் கிராமத்தில் மண்பாண்டம் செய்பவர் ஒருவரிடம் அழைத்துப் போனார்கள். அவர் காவியைக் குழைத்து இறகால் நெற்றி முழுவதும் எழுதி அனுப்பினார். திரும்பும் வழியில் மருந்துக் கடையில் ஒரு களிம்பும் வாங்கிக்கொண்டான். மூன்று தடவை எழுத வேண்டும் என்று கணக்கு. ஐந்தாம் நாள் கண் சிவந்து வீங்கி இமை ஒட்டிக்கொண்டது. அப்போதுதான் எங்களுக்கு போன் வந்தது. "அத்தான், கண்ணைத் திறக்க முடியலை" என்றான். எந்தச் சாமானும் எடுக்காதே, முதலில் காரில் ஏறு என்றேன்.

தஞ்சாவூரில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். நெற்றியிலிருந்த காவியைக் கழுவி எடுக்கவே அரை மணி நேரம் ஆனது. அதற்குக் கீழே கொப்புளங்கள் உடைந்து சீழ் வைத்திருந்தன. நரம்பு வழியாக ஊசி மருந்து பத்து நாள் ஏறியது. சிறுநீரகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. வலது கண்ணின் கருவிழியில் மட்டும் தழும்பு விழுந்துவிட்டது. இன்றைக்கும் அந்தக் கண்ணுக்கு எதிரே ஆள் வந்தால் நிழல்தான் தெரியும். நெற்றியில் சீப்பு பட்டால் மின்சாரம் பாய்ந்தது போலத் துடிக்கிறான். டாக்டர் என் மாமியாரிடம் ஆறுதலாக, "நீங்கள் கொடுத்த கிட்னி நன்றாக இருக்கிறது அம்மா" என்றார். அந்த அம்மாள், "என் கிட்னி நல்லா இருக்குன்னு சொல்றாங்க, எம்புள்ள கண்ணு போச்சே" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எழுதியவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் நல்ல மனிதர், காசுகூடக் கேட்கவில்லை. ஆனால் "எழுதினால் போய்விடும்" என்ற நம்பிக்கையை ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். எதிர்ப்பு சக்தி சரியாக உள்ள ஆளுக்கு அக்கி எழுதினாலும் எழுதாவிட்டாலும் பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் காய்ந்து உதிர்ந்துவிடும். போக்கியது அவருடைய சொந்த எதிர்ப்பு சக்தி, பெயர் மட்டும் காவிக்குப் போகிறது. அந்தச் சக்தியை மருந்தால் கட்டி வைத்திருக்கும் உடம்பில் காவியால் என்ன செய்ய முடியும்? அங்கே கொப்புளம் ஒரு பட்டையோடு நிற்காமல் உடம்பு முழுவதும் பரவலாம். நுரையீரலுக்கும் கல்லீரலுக்கும் மூளைக்கும் போகலாம். சிலருக்குக் கொப்புளம் தெரிவதற்கு முன்பே கடுமையான வயிற்று வலியாகக்கூட ஆரம்பிக்கும். நெற்றியிலோ மூக்கு நுனியிலோ கொப்புளம் வந்தால் கண்ணுக்கு ஆபத்து என்று அர்த்தம்.

இதற்கு நல்ல மருந்து இருக்கிறது என்பதுதான் என் வயிற்றெரிச்சலுக்குக் காரணம். அசைக்ளோவிர், வாலசைக்ளோவிர் இரண்டும் நம் ஊர்க் கடைகளிலேயே கிடைக்கின்றன. கொப்புளம் தெரிந்த 72 மணி நேரத்துக்குள், அதாவது மூன்று நாளுக்குள் ஆரம்பித்தால் நல்ல பலன். காவி மூன்று தடவை எழுதி முடிப்பதற்குள் அந்த மூன்று நாள் போய்விடுகிறது. மாற்றுச் சிறுநீரகக்காரர்கள் மூன்று நாள் தாண்டிவிட்டது என்றாலும் போய்த்தான் ஆக வேண்டும். அவர்களுக்குத் தாமதமாகக் கொடுத்தாலும் பயன் உண்டு. கடையில் மாத்திரை கிடைக்கிறதே என்று நாமே வாங்கிப் போட்டுவிடவும் கூடாது. சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்த்துத்தான் அளவு நிர்ணயிக்க வேண்டும். அளவு தப்பினால் காப்பாற்ற வந்த மருந்தே சிறுநீரகத்தையும் மூளையையும் பாதிக்கும்.

இங்கே ஒரு சின்னத் தகவல். ஜன்னலுக்குள் நின்ற காலத்தில் நான் அடிக்கடி நினைத்துக்கொண்டது இது. கெர்ட்ரூட் எலியன் என்று ஒரு அமெரிக்கப் பெண்மணி. டாக்டர் பட்டம்கூட முடிக்காமல் மருந்துக் கம்பெனி ஆராய்ச்சிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் என்பவரோடு சேர்ந்து 1950-களில் அசத்தியோபிரின் என்ற மருந்தை உருவாக்கினார். 1962-ல் அதைக் கொடுத்துத்தான் பாஸ்டனில் இறந்துபோன ஒருவரின் சிறுநீரகத்தை இன்னொருவர் உடம்பில் ஒரு வருடத்துக்கும் மேல் வேலை செய்ய வைத்தார்கள். அதே எலியனின் குழுதான் 1970-களில் அசைக்ளோவிரைக் கொண்டுவந்தது. ஒரு மருந்து எதிர்ப்பு சக்தியை அடக்கி மாற்றுச் சிறுநீரகத்துக்கு வழி திறந்தது. அடங்கிய உடம்பில் விழித்துக்கொள்ளும் வைரஸை மற்றது அடக்குகிறது. 1988-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நாற்பது வருடத்துக்கும் மேலாகக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் மருந்தை விட்டுவிட்டு ஒருவன் கண்ணை இழந்தான் என்றால் யாரை நோவது?

அடுத்தது சின்னம்மை. இதைப் பற்றி எழுதும்போது சிலருக்கு மனம் வருத்தப்படலாம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மை வந்தால் நம் வீடுகளில் என்ன செய்வோம் என்று எல்லோருக்கும் தெரியும். வாசலில் வேப்பிலை செருகுவோம். தாளிக்க மாட்டோம், வெளியாட்களை விட மாட்டோம். மாத்திரை மருந்து எதையும் வாயில் வைக்கக் கூடாது, அம்மனுக்குக் கோபம் வரும் என்போம். இதில் வேப்பிலையால் கெடுதல் இல்லை. வெளியாட்களை விடாமலிருப்பது மற்றவர்களுக்கு நல்லதுதான். சுத்தமாக இருப்பதும் இளநீர் கொடுப்பதும் சாதாரண ஆளுக்கு நல்லவைதான். மாற்றுச் சிறுநீரகக்காரர் மட்டும் இளநீரைக்கூட டாக்டரைக் கேட்டுத்தான் குடிக்க வேண்டும், அதில் பொட்டாசியம் அதிகம். ஆனால் "மாத்திரை கூடாது" என்ற அந்த ஒரு விதி இவர்கள் விஷயத்தில் உயிரோடு விளையாடுவது.

எப்படி என்று சொல்கிறேன். சின்னம்மை இவர்களுக்கு வந்தால் வைரஸை அடக்கும் மருந்து உடனே வேண்டும், பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் சேர்த்து ஊசியாகவே கொடுக்க வேண்டும். அதைக் கொடுக்காமல் வீட்டில் படுக்க வைத்தால் நுரையீரலைப் பிடிக்கும். இது ஒரு பக்கம். மாத்திரை கூடாது என்று தினமும் போடும் டாக்ரோலிமஸையும் பிரெட்னிசோலோனையும் சேர்த்து நிறுத்திவிட்டால், கட்டியிருந்த காவல்காரன் கட்டு அவிழ்ந்து விருந்தாளியைத்தான் முதலில் அடிப்பான். சிறுநீரகம் நிராகரிக்கப்படும். நாள்பட்டு பிரெட்னிசோலோன் போடுகிறவர் அதைத் திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் படுத்துவிடும். ஒரு பக்கம் அம்மை, மறுபக்கம் நிராகரிப்பு. நடுவில் ஒரு மனிதர். மருந்தைக் குறைக்க வேண்டிய கட்டமும் வரும், டாக்டர்களே சிலவற்றைக் குறைப்பார்கள். எதை, எவ்வளவு, எத்தனை நாள் என்று தீர்மானிப்பது அவர்கள் வேலை. அது பூசாரிக்கோ மாமியாருக்கோ எனக்கோ தெரிந்த கணக்கு இல்லை.

நானும் ஆடி மாதம் கூழ் ஊற்றுகிற வீட்டில் பிறந்தவன்தான். மாரியம்மனை மறுத்து எதுவும் எழுதவில்லை. பிள்ளையைக் காப்பாற்று என்று நாம் அவளிடம்தானே வேண்டுகிறோம்? காப்பாற்றும் மருந்து கையில் இருக்கும்போது அதைக் கொடுக்காதே என்று எந்தத் தாய் சொல்வாள்? வேப்பிலையும் இருக்கட்டும், ஆஸ்பத்திரியும் இருக்கட்டும். அம்மன் கோபித்துக்கொள்வாள் என்று சொல்லி ஒரு மனிதரைச் சாகக் கொடுப்பதுதான் அவளை அவமதிப்பது.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். பேரப்பிள்ளைக்கு அம்மை போட்டிருக்கும் வீட்டுக்கு மாற்றுச் சிறுநீரகக்காரரை வரவழைக்காதீர்கள். வந்துவிட்டுப் போன பிறகு விஷயம் தெரிந்தால் மறைக்காமல் அன்றைக்கே போன் செய்து சொல்லிவிடுங்கள். நோய் வருவதற்கு முன்பே தடுப்பதற்கு டாக்டர்களிடம் வழி இருக்கிறது, ஆனால் அதற்குச் சில நாட்கள்தான் அவகாசம். "சொன்னால் தப்பாக நினைப்பார்களே" என்ற சங்கோஜத்தில் அந்த நாட்களை வீணாக்குகிறோம். அதேபோல அக்கிக் கொப்புளத்தின் நீர் பட்டால், அம்மை வராத குழந்தைக்கு அம்மை வரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மூன்றாவது, மரு. இதை யாருமே வியாதி என்று மதிப்பதில்லை.

இதற்குக் காரணமும் ஒரு வைரஸ்தான். நமக்கு ஒன்றிரண்டு வந்து தானாகவும் போகும். மாற்றுச் சிறுநீரகக்காரர்களுக்கு வருடம் போகப் போகக் கை, கழுத்து, முகம் என்று கூட்டமாக வரும், எளிதில் போகாது. நம் பக்கத்தில் மருவுக்கு வைத்தியம் சொல்லாத ஆளே கிடையாது. குதிரை முடியால் இறுக்கிக் கட்டு என்பார்கள். சுண்ணாம்பையும் சலவைச் சோடாவையும் குழைத்து வை என்பார்கள். வைத்தீஸ்வரன் கோயில் குளத்தில் வெல்லம் கரைத்துவிட்டு வா என்பார்கள். வெல்லம் கரைப்பதால் யாருக்கும் கெடுதல் இல்லை, தாராளமாகப் போய்வாருங்கள், வரும்போது எனக்கும் பிரசாதம் கொண்டுவாருங்கள். குதிரை முடியும் சுண்ணாம்பும் அப்படி இல்லை. அவை புண்ணாக்கும். எதிர்ப்பு சக்தி குறைந்த உடம்பில் அந்தப் புண் சீக்கிரம் ஆறாது, சீழ் பிடிக்கும்.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. மரு மாதிரி ஆரம்பிப்பதெல்லாம் மருவாகவே இருப்பதில்லை. எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்தைப் பல வருடம் சாப்பிடுகிறவர்களுக்குத் தோல் புற்றுநோய் வரும் வாய்ப்பு அதிகம், வெயில் படும் இடங்களில் இன்னும் அதிகம். வெள்ளைக்காரர்கள் தோலில் இது மிக அதிகம், நம் கறுத்த தோலில் குறைவு. குறைவு என்றால் இல்லை என்று அர்த்தம் இல்லை. ஒரு மரு வேகமாக வளர்ந்தால், ரத்தம் கசிந்தால், ஒரு மாதமாகியும் ஆறாத புண்ணானால், உதட்டிலோ மறைவிடத்திலோ வந்தால் அதைச் சுண்ணாம்பு வைத்துச் சுடுவது நெருப்பைத் துணியால் மூடுவதற்குச் சமம். ஊதா நிறத்தில் தழும்பு மாதிரி, அழுத்தினாலும் வலிக்காத திட்டு வந்தாலும் காட்டுங்கள். கபோசி என்ற புற்று அப்படித்தான் தோன்றும். அதற்குக் காரணமும் ஒரு வைரஸ் என்று 1994-ல் கண்டுபிடித்தார்கள். இவர்களுக்கு வந்தால், அடக்கும் மருந்தை டாக்டர் குறைத்தோ மாற்றியோ கொடுக்கும்போதே பலருக்கு அது கட்டுப்படுகிறது. ஆனால் முதலில் யாராவது அதைப் பார்க்க வேண்டுமே!

இப்போது மருத்துவமனைகளைப் பற்றி.

என் மைத்துனனோடு நான் பலமுறை மறுபரிசோதனைக்குப் போயிருக்கிறேன். ராத்திரி ரயிலேறி, விடிகாலையில் இறங்கி, ரத்தம் கொடுத்துவிட்டு மத்தியானம்வரை உட்கார்ந்திருப்போம். உள்ளே போனதும், "கிரியேட்டினின் 1.2, சூப்பர், அதே மாத்திரையைக் கண்டினியூ பண்ணுங்க" என்பார்கள். ஒருமுறை அவன் புறங்கையைக் காட்டி, "சார், மரு நிறைய வருது" என்றான். "அது ஸ்கின், அதைத் தனியாகக் காட்டிக்குங்க" என்று பதில் வந்தது. எங்கே காட்டுவது, எப்போது காட்டுவது, அவசரமா இல்லையா, எதுவும் சொல்லவில்லை. அத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட அவன் சட்டையைக் கழற்றச் சொல்லி யாரும் முதுகைப் பார்க்கவில்லை. நெற்றியில் எரிச்சலோடு கொப்புளம் வந்தால் உடனே இந்த நம்பருக்கு போன் செய் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தால் அவன் காவிக்குப் போயிருக்க மாட்டான்.

கூட்டம் எவ்வளவு, டாக்டர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாதா? நானும் அரசு மருத்துவமனையில் கிடந்து எழுந்தவன்தான். நான் கேட்பது பெரிய ஸ்கேன் இல்லை. "தோலில் புதிதாக ஏதாவது வந்திருக்கிறதா?" என்று ஒரு கேள்வி. வருடத்துக்கு ஒருமுறை நல்ல வெளிச்சத்தில் தலை முதல் பாதம்வரை ஒரு பார்வை. பயிற்சி பெற்ற செவிலியரே முதல் பார்வை பார்க்கலாம். சிறுநீரக மருத்துவர்களின் சர்வதேச வழிகாட்டுதல் 2009-லேயே இதைச் சொல்லிவிட்டது. நோயாளி தன் தோலையும் உதட்டையும் தானே பார்த்து, புதிதாக எது வந்தாலும் சொல்ல வேண்டும். வெயிலில் வேலை செய்பவர்களைப் போல ஆபத்து கூடியவர்களிடம் அந்த ஆபத்தை எடுத்துச் சொல்ல வேண்டும். கறுத்த தோல் உள்ளவர்களை வேண்டுமானால் விட்டுவிடலாம், மற்றவர்களை வருடம் ஒருமுறை தகுதியுள்ளவர் ஒருவர் பார்க்க வேண்டும். வெயிலில் வேலை செய்பவர் என்றால் யார்? நம் டெல்டாவில் நாற்று நடுகிறவரும் களத்தில் நெல் காய வைக்கிறவரும்தானே?

என் சொந்தத் தொழிலையும் விடுவதாக இல்லை. மருந்துக் கடைக்காரத் தம்பிமார்களே, "அரிப்புக்கு ஒரு டியூப் கொடுங்க" என்று கேட்டால் ஸ்டீராய்டு கலந்த களிம்பை எடுத்து நீட்டுகிறீர்கள். அது எதிர்ப்பு சக்தியை அந்த இடத்தில் இன்னும் குறைக்கும். படர்தாமரை என்று நினைத்து இட்ராகோனசோல் மாத்திரை கொடுக்கிறீர்கள். அது டாக்ரோலிமஸின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும், சிறுநீரகம் அடி வாங்கும். "வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?" என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டுக் கொடுங்கள். அதற்குக் காசு செலவில்லை.

தடுப்பூசி விஷயமும் இருக்கிறது. சின்னம்மைத் தடுப்பூசி உயிருள்ள வைரஸால் ஆனது. மாற்று அறுவைக்குப் பிறகு அதைப் போடக்கூடாது, குறைந்தது நான்கு வாரம் முன்பே போட்டிருக்க வேண்டும். டயாலிசிஸில் மாதக்கணக்கில் காத்திருக்கும் காலம்தான் அதற்கு நேரம். அக்கிக்கு உயிரற்ற புது ஊசி வந்திருக்கிறது. எதிர்ப்பு சக்தி குறைந்த பெரியவர்களுக்கு அமெரிக்காவில் 2021-ல் அனுமதித்தார்கள், நம் நாட்டுக் கடைகளுக்கு 2023-ல் வந்தது. இரண்டு தவணை. அதன் விலையைக் கேட்டால் அரிசி ஆலைக் கணக்குப்பிள்ளைக்குத் தலை சுற்றும். நம் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் இந்த இரண்டு ஊசியும் கிடையாது. லட்சக்கணக்கில் செலவழித்து ஒரு சிறுநீரகத்தை வைத்துக் கொடுக்கிற அரசு, அதைச் சுமக்கிற ஆளுக்கு இரண்டு ஊசியும் சேர்த்துக் கொடுத்தால் என்ன? காப்பீட்டுத் திட்டத்தில் இதையும் சேர்க்கச் சொல்லி நம்மைப் போன்ற பெரியவர்கள் மனு எழுத வேண்டும். பென்ஷன் நிலுவைக்கு எத்தனை மனு எழுதியிருக்கிறோம்!

"ஏன் சார் பயமுறுத்துகிறீர்கள்? மாற்று செய்துகொண்டவர்கள் நன்றாகத்தானே இருக்கிறார்கள்?" என்று சிலர் கேட்பீர்கள். உண்மைதான். பெரும்பாலோர் நன்றாகவே இருக்கிறார்கள், டயாலிசிஸ் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து பிள்ளைகளைப் படிக்க வைத்துக் கல்யாணம் செய்து கொடுக்கிறார்கள். அப்படி நன்றாக இருக்கிற ஒருவரை ஐந்து நாள் அலட்சியம் குருடாக்கக் கூடாது என்பதுதான் என் பேச்சு. பயப்படச் சொல்லவில்லை, பார்க்கச் சொல்கிறேன்.

ஆகவே, உங்கள் வீட்டிலோ தெருவிலோ மாற்றுச் சிறுநீரகக்காரர் ஒருவர் இருந்தால் இவற்றைச் சொல்லுங்கள். மாதம் ஒருமுறை குளிக்கும் முன் கண்ணாடி முன்னால் நின்று உடம்பைப் பார்க்கட்டும், முதுகை மனைவி பார்க்கட்டும். எரிச்சலோடு கொப்புளம் வந்தால் அன்றைக்கே டாக்டருக்கு போன். அது நெற்றியிலோ கண்ணருகிலோ வந்தால் அடுத்த வண்டியிலேயே ஏற வேண்டும். காவி, சுண்ணாம்பு, களிம்பு எதுவும் பூசாமல் போகட்டும், டாக்டர் பார்க்க வேண்டியது கொப்புளத்தை. தினசரி மாத்திரையை யார் சொன்னாலும் தானாக நிறுத்த வேண்டாம். வெயிலில் போகும்போது முழுக்கைச் சட்டையும் தலைக்கு ஒரு துண்டும் இருக்கட்டும். சாப்பிடும் மாத்திரைகளின் பெயரை எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, எந்த மருந்துக் கடைக்குப் போனாலும் அதை முதலில் நீட்டட்டும்.

ஒரு சிறுநீரகத்தை ஒரு தாயோ மனைவியோ அக்காவோ வயிற்றைக் கிழித்துக் கொடுக்கிறார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த துக்கத்தில் முகம் தெரியாதவர்கள்கூடக் கொடுக்கிறார்கள். அப்படி வந்ததைச் சுமக்கும் உடம்பைப் பார்த்து "தோல்தானே" என்று இனி யாராவது சொன்னால், பெரியவர்கள் என்ற உரிமையில் அங்கேயே ஒரு அதட்டல் போடுங்கள். அதட்டிவிட்டு, அந்த ஆளைக் கையோடு வண்டியில் ஏற்றி அனுப்புங்கள்.